லோடு வண்டி வாங்குமுன் மூட்டையை எண்ணுவோம்



ஆடு, மாடு, தையல் மெஷின், மாவு மில் என்று கடன் கேட்டு வந்த நம் குழுக்கள் இப்போது வண்டி வாங்கக் கடன் கேட்க ஆரம்பித்திருக்கின்றன. நல்ல விஷயம்தான். நாம் விளைவித்ததை, நாம் தயாரித்ததை நம் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனால் வேண்டாம் என்றா சொல்வோம்? ஆனால் தீர்மான நோட்டைப் பிரித்தால் "குட்டியானை ஒன்று வாங்குவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. எந்த வண்டி, எத்தனை கிலோ ஏற்றும், மாதம் என்ன செலவு, யார் பெயரில் வாங்குவது, ஒன்றும் இல்லை.

கறவை மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். மடியைத் தடவிப் பார்க்கிறோம். இரண்டு வேளை கறந்து பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்குவதில்லை. அதைவிடப் பல மடங்கு விலை உள்ள வண்டியை மட்டும் "பக்கத்து ஊர்ல எல்லாரும் இதைத்தான் வச்சிருக்காங்க" என்று வாங்கிவிடலாமா? அதைப் பற்றி இந்த இதழில் கொஞ்சம் விரிவாகப் பேசுவோம்.

குட்டியானை என்றால் எது?

2005-ம் ஆண்டு டாடா கம்பெனி 'ஏஸ்' என்ற சின்ன லோடு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், நாலு சக்கரம், முக்கால் டன் அளவுக்குச் சுமை. அதற்கு முன்னால் நம் பக்கத்தில் சரக்கு ஏற்ற மாட்டுவண்டி, டிராக்டர் பெட்டி, மூன்று சக்கர லோடு ஆட்டோ, இல்லாவிட்டால் பெரிய லாரி. லாரி தெருவுக்குள் வராது, லோடு ஆட்டோ நிறைய ஏற்றாது. அந்த நடு இடத்தில்தான் ஏஸ் வந்து உட்கார்ந்துகொண்டது. ஜனங்கள் அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்தார்கள். பெயர் நிலைத்துவிட்டது.

அப்புறம் மற்றவர்களும் வந்தார்கள். அசோக் லேலண்ட் 2011-ல் ஓசூரிலிருந்து 'தோஸ்த்' வண்டியை இறக்கியது. மாருதி 2016-ல் 'சூப்பர் கேரி' கொண்டுவந்தது. மஹிந்திராவின் பொலேரோ பிக்கப் இருக்கிறது. டாடாவே 'இன்ட்ரா' என்று கொஞ்சம் பெரிய வண்டி செய்கிறது. நம் பேச்சில் பல நேரம் எல்லாமே குட்டியானைதான். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏஸ், சூப்பர் கேரி எல்லாம் முக்கால் டன் வகை. இன்ட்ராவில் வி-30 என்பது 1.3 டன், வி-50 என்பது 1.5 டன். பொலேரோ பிக்கப் 1.3 டன்னிலிருந்து 1.7 டன் வரை பல அளவில் வருகிறது. முக்கால் டன் வண்டிக்கும் ஒன்றரை டன் வண்டிக்கும் விலையில் பல லட்சம் வித்தியாசம், தவணையிலும் பல ஆயிரம் வித்தியாசம். அதனால் தீர்மானம் எழுதும்போது "குட்டியானை" என்று எழுதாமல் கம்பெனி, மாடல், எத்தனை கிலோ என்று எழுதுங்கள்.

நம் சரக்கு எடையா, இடமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஷோரூம் வாசலை மிதிக்கக் கூடாது.

நம் குத்தாலம் வட்டாரத்தில் முதல் சரக்கு நெல். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு 40 கிலோ என்று பிடிக்கிறார்கள். அப்படியானால் 750 கிலோ வண்டியில் சட்டப்படி 18 மூட்டைதான் ஏறும். ஒன்றரை டன் வண்டியில் 37 மூட்டை. ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருக்கும் மொத்த எடை என்பது வண்டி, சரக்கு, உள்ளே உட்காரும் ஆட்கள் எல்லாம் சேர்ந்தது. ஏற்றி இறக்க இரண்டு ஆள் உட்கார்ந்தால் இரண்டு மூன்று மூட்டை குறையும்.

"என்னங்க, 30 மூட்டை ஏத்திக்கிட்டு ஓடுதே" என்பீர்கள். ஓடுகிறது. 30 மூட்டை என்றால் 1,200 கிலோ. முக்கால் டன்னுக்குச் செய்த பிரேக், முக்கால் டன்னுக்குச் செய்த பட்டை, முக்கால் டன்னுக்குச் செய்த டயர். ஒரு சீசன் தாங்கும், இரண்டு சீசன் தாங்கும். போலீஸோ ஆர்.டி.ஓ.வோ பிடித்தால் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய். கூடுதல் பாரத்தை இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுக்க முடியும். ஒரு மாத உழைப்பு அன்றைக்கே போய்விடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? களத்திலிருந்து 8 கிலோமீட்டரில் கொள்முதல் நிலையம். 100 மூட்டை கொண்டுபோக வேண்டும். சின்ன வண்டிக்கு 6 நடை, போக வர 96 கிலோமீட்டர். பெரிய வண்டிக்கு 3 நடை, 48 கிலோமீட்டர். சின்னது லிட்டருக்கு 18, பெரியது 14 கிலோமீட்டர் கொடுக்கிறது, டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சின்ன வண்டிக்கு ஏறக்குறைய 500 ரூபாய் டீசல், பெரிய வண்டிக்கு 320 ரூபாய்தான். நேரமும் பாதி. மைலேஜ் அதிகம் என்று ஷோரூமில் சொன்ன வண்டிக்கே டீசல் அதிகம் ஆகிறது பார்த்தீர்களா?

இதையே திருப்பிப் போடுங்கள். தினமும் 300 கிலோ காய்கறி, இட்லி மாவு, வாழை இலை மயிலாடுதுறைக்குப் போகிறது. போக வர 24 கிலோமீட்டர். சின்ன வண்டிக்கு 124 ரூபாய் டீசல், பெரிய வண்டிக்கு 160 ரூபாய். பெரிய வண்டி முக்கால்வாசி காலியாகவே போய் வரும், தவணை மட்டும் முழுசாகப் போகும். இங்கே சின்னதுதான் சரி. ஆக மொத்தம், மைலேஜை மட்டும் வைத்து வண்டியைப் பேச முடியாது. ஒரு கிலோ சரக்கைக் கொண்டுசேர்க்க எத்தனை பைசா ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. நெல்லும் செங்கல்லும் கனம், இடம் குறைச்சல். வைக்கோல் கட்டும் பருத்திப் பொதியும் கனம் குறைச்சல், இடம் அடைக்கும். அறுப்பு மெஷின் போன பிறகு வைக்கோலைக் கட்டு கட்டி விற்கிற வேலை நம் பக்கம் பெருகியிருக்கிறது. கோடையில் போட்ட பருத்தி குத்தாலம், செம்பனார்கோயில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு ஏலத்துக்குப் போகிறது. இந்தச் சரக்குக்கு எத்தனை கிலோ ஏற்றும் என்பதைவிடப் பெட்டி எத்தனை அடி நீளம் என்பதுதான் முக்கியம். ஏஸ் பெட்டி சுமார் 7 அடி. இன்ட்ரா வி-50 பெட்டி ஒன்பதரை அடிக்கு மேல். போகும்போது ஒரு டேப்பை எடுத்துப் போய் நீங்களே அளந்து பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படியே பெட்டியின் தளம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்றும் அளந்துகொள்ளுங்கள். தினமும் கூடையைத் தூக்கி வைக்கப் போவது நாம்தான். இடுப்பு மட்டத்தில் இருக்கும் தளத்துக்கும் நெஞ்சு மட்டத்தில் இருக்கும் தளத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆறு மாதம் கழித்து முதுகில் தெரியும்.

ஊர்ப் பாதையையும் மறந்துவிட வேண்டாம். வாய்க்கால் மதகுப் பாலம், சந்து, கோயில் தெருத் திருப்பம் இதெல்லாம் நம் ஊரில் என்ன அகலம் என்று ஷோரூம்காரருக்குத் தெரியாது. ஏஸ் 4.3 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதே அது கிராமத்துக்குள் பரவ ஒரு காரணம். நீளமான பிக்கப் அப்படித் திரும்பாது. ஓட்டிப் பார்க்க வண்டி தருவார்கள். மெயின் ரோட்டில் ஒரு சுற்று போய்விட்டு வந்தால் போதாது. "எங்க ஊருக்கு ஓட்டிட்டு வாங்க தம்பி" என்று கேளுங்கள். விற்க வேண்டும் என்று நினைப்பவர் வருவார்.

தண்ணீர் ஏழரை மாதம், டியூ பன்னிரண்டு மாதம்

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். அந்தத் தேதியை ஒட்டித்தான் நம் வேலை, நம் வரவு, நம் வாடகை எல்லாம். குறுவை அறுப்பில் வண்டிக்கு அலைய வேண்டியிருக்கும். தை, மாசியில் சம்பா, தாளடி அறுப்பில் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும். பங்குனி, சித்திரையில் நிழல் பார்த்து நிறுத்திவைத்திருப்பார்கள். ஆனால் டியூ பன்னிரண்டு மாதமும் வரும். இதை எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள்.

6 லட்ச ரூபாய் கடன், 48 மாதம், குறையும் வட்டி 11 சதவீதம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 15,500 ரூபாய். இன்சூரன்ஸை மாதத்துக்குப் பிரித்தால் 3,000 என்று வைப்போம். டிரைவர் சம்பளம் 15,000. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் டீசல் சுமார் 8,700. டயர், ஆயில், சர்வீஸ், பஞ்சர் என்று 3,000 ஒதுக்க வேண்டும். கூட்டினால் 45,200 ரூபாய். மாதம் 25 நாள் ஓடினால் ஒரு நாளைக்கு 1,800 ரூபாய்க்கு மேல் வாடகை வந்தால்தான் கைக்கடி இல்லை. அதற்கு மேல் வருவதுதான் நம் லாபம். வண்டி ஓடவே இல்லை, டிரைவரும் வேண்டாம் என்று நிறுத்தினாலும் தவணையும் இன்சூரன்ஸும் சேர்த்து 18,500 ரூபாய் வெளியே போய்க்கொண்டே இருக்கும். மேலே போட்ட எண்களில் சம்பளம், டீசல் விலை உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாறும். மாற்றி எழுதிப் போட்டுப் பாருங்கள்.

கோடை மூன்று மாதத்துக்கு வேறு வாடகை என்ன? கல்யாணப் பந்தல் சாமான், திருவிழா, கட்டட வேலை, பருத்தி, குழுவின் மளிகை வியாபாரம், ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அறுப்பு மாதங்களில் வரும் வாடகையில் மூன்று மாதத் தவணையைத் தனியாகக் குழுக் கணக்கில் போட்டு வைக்க இப்போதே தீர்மானம் போட வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு எளிய பரீட்சை இருக்கிறது. ஆறு மாதம் குழுவின் சரக்குக்கு வாடகை வண்டியே பிடியுங்கள். கொடுத்த வாடகையை நோட்டில் எழுதுங்கள். சராசரி மாத வாடகை 6,000 ரூபாய்தான் வருகிறது, வெளி வாடகையும் உறுதியாக இல்லை என்றால் 45,000 ரூபாய் செலவு வைக்கும் வண்டி எதற்கு? சரக்கு அதைவிடக் குறைவாக இருந்தால் பஸ்ஸே போதும். 2025-ல் தமிழ்நாடு அரசு குழு உறுப்பினர்களுக்கு அடையாள அட்டை கொடுத்து, தங்கள் தயாரிப்புகளை 25 கிலோ வரை அரசுப் பேருந்தில் 100 கிலோமீட்டர் தூரம் கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம் என்று அறிவித்தது. இரண்டு உறுப்பினர் போனால் 50 கிலோ. ஊறுகாய், மசாலா செய்யும் குழுவுக்கு ஆரம்பத்தில் இது தாராளம்.

கொட்டேஷனை வரி வரியாகப் படியுங்கள்

பேப்பரில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது ஷோரூம் விலை. ரோட்டுக்கு வரும் விலை வேறு. வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், பெட்டி கட்டும் செலவு, தார்ப்பாய் கம்பி எல்லாம் சேர்ந்த தொகையைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு யாராவது பேசினால் ஏமாற வேண்டாம். மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்.

'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். பல நேரம் கேட்டாலே அடித்துவிடுவார்கள். இன்சூரன்ஸை அந்த ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று சட்டம் கிடையாது. வெளியே ஒரு விலை கேட்டுவிட்டு வாருங்கள். 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் வருடத்துக்கு 16,049 ரூபாய் என்று 2022-ல் நிர்ணயித்தார்கள், வரி தனி. இந்தப் பகுதி எந்தக் கம்பெனியிலும் ஒரே தொகைதான். வித்தியாசம் வருவது வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பகுதியில். அங்கேதான் பேரம் பேச இடம் இருக்கிறது.

பக்கத்து ஊரிலும் இன்னொரு கொட்டேஷன் வாங்குங்கள். மயிலாடுதுறையில் ஒன்று, கும்பகோணத்தில் ஒன்று. இரண்டையும் மேசையில் வைத்தால் பேச்சு மாறும்.

வட்டி விஷயத்துக்கு வருவோம். "எட்டே சதவீதம்தான் மேடம், உடனே சாங்ஷன்" என்பார்கள். அது பிளாட் வட்டியா, குறையும் வட்டியா என்று கேளுங்கள். 6 லட்சத்துக்கு 8 சதவீதம் பிளாட், 4 வருடம் என்றால் வட்டி 1,92,000. மாதத் தவணை 16,500. பேங்கில் 11 சதவீதம் குறையும் வட்டி என்றால் தவணை 15,500, மொத்த வட்டி சுமார் 1,44,000. எட்டு பெரிதா, பதினொன்று பெரிதா? எட்டில் 48,000 ரூபாய் அதிகம் போகிறது! பிளாட் 8 என்பது குறையும் வட்டியில் 14 சதவீதத்துக்கு மேல். நாம்தான் குழுவில் மாதாமாதம் அசல் குறையக் குறைய வட்டி போட்டுப் பழகியவர்கள் ஆயிற்றே, இதில் ஏமாறலாமா?

சுய உதவிக் குழுக்களுக்கு 20 லட்ச ரூபாய் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2021-ல் விதியை விரிவாக்கியது. தனி உறுப்பினராக வாங்குவதானால் முத்ரா கடனிலும் லோடு வண்டிக்கு இடம் உண்டு. தனியார் பைனான்ஸுக்குப் போவதற்கு முன்னால் பேங்க் மேனேஜரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

டீசலா, கேஸா, கரண்டா?

இதற்கு நீண்ட பேச்சு வேண்டாம். கனமான சுமை, நீண்ட தூரம் என்றால் டீசல். கேஸ் வண்டி ஓட்டச் செலவு குறைவு, ஆனால் சிலிண்டர் எடை சுமையில் கழியும். சூப்பர் கேரி பெட்ரோலில் 740 கிலோ ஏற்றும், கேஸில் 625 கிலோதான். கேஸ் பங்க் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஏஸ் மின்சார வண்டி 2022-ல் வந்தது. 600 கிலோ சுமை, ஒரு தடவை சார்ஜ் செய்தால் 154 கிலோமீட்டர் என்று சோதனையில் சான்று. சோதனைத் தூரம் ரோட்டில் வராது, குறைத்துத்தான் கணக்குப் பண்ண வேண்டும். தினமும் ஒரே வழியில் 60, 70 கிலோமீட்டர் போய்விட்டு ராத்திரி வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு அது ஒத்துவரும். புயலுக்கு நாலு நாள் கரண்ட் இல்லாத ஊர் நம் ஊர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெட்டியில் ஆள் ஏற்றாதீர்கள்

இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நடவுக்கு, களை எடுக்க, பருத்தி எடுக்க லோடு வண்டிப் பெட்டியில் இருபது பேர் நின்றுகொண்டு போவது நம் பக்கத்தில் தினசரிக் காட்சி. சீக்கிரம் போகலாம், பஸ் இல்லை, மேஸ்திரி வண்டி அனுப்புகிறார். எல்லாம் சரி. வண்டி கவிழ்ந்தால்?

சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. தன் சரக்கோடு கூட வரும் சரக்குச் சொந்தக்காரருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. நடவுக்குப் போகும் பெண்ணுக்கு இல்லை. அப்படியானால் அந்த நஷ்டஈடு யார் தலையில் விழும்? வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில். குழு வண்டி என்றால் யோசித்துப் பாருங்கள். அடிபட்டதும் நம் உறுப்பினர், பணம் கட்ட வேண்டியதும் நம் உறுப்பினர். இரண்டு குடும்பமும் ஒரே கூட்டத்தில் ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள்.

ஆளை ஏற்றிச் சம்பாதிக்க வேண்டும் என்றால் அதற்கு உரிய வண்டியை, உரிய பெர்மிட்டோடு வாங்குங்கள். பஸ் போகாத கிராமங்களில் குழுப் பெண்கள் பயணிகள் வண்டி ஓட்ட மத்திய அரசு 2017-ல் 'ஆஜீவிகா கிராமின் எக்ஸ்பிரஸ்' என்று ஒரு திட்டமே கொண்டுவந்தது. பல மாநிலங்களில் பெண்கள் ஆட்டோவும் வேனும் ஓட்டினார்கள். நம்மால் முடியாத வேலை இல்லை அது. லோடு வண்டியே போதும் என்றால், ஏற்றி இறக்கும் ஆட்களையும் டிரைவரையும் கூடுதல் பிரீமியம் கட்டி பாலிசியில் சேர்த்துவிடுங்கள். சின்னத் தொகைதான்.

யார் பெயரில்?

கடன் குழுப் பெண் பெயரில். தவணை கட்டுவது குழுப் பெண். ஆர்.சி. மட்டும் வீட்டுக்காரர் பெயரிலோ தம்பி பெயரிலோ. "ஆம்பளைங்கதானே ஓட்டப் போறாங்க" என்று ஒரு சமாதானம். ஓட்டுவது யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். ஓட்டுபவருக்கும் உரிமையாளருக்கும் சம்பந்தம் இல்லை. நாளைக்கு வண்டியை விற்றால் கையெழுத்துப் போடுவது ஆர்.சி.யில் பெயர் உள்ளவர். கடன் பாக்கிக்கு பேங்க் தேடி வருவது நம்மை. அதனால் கடன் யார் பெயரிலோ, வண்டியும் அவர் பெயரில் இருக்க வேண்டும். ஆர்.சி.யில் கொடுக்கும் செல்போன் எண்ணும் அவருடையதாகவே இருக்கட்டும். அபராதம் விழுந்தால் தகவல் வருவது அந்த எண்ணுக்குத்தான்.

நம் பெண்களே ஓட்டினால் டிரைவர் சம்பளம் 15,000 வீட்டுக்குள்ளேயே நிற்கும். கார் ஓட்டும் சாதாரண லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. தனி அனுமதி தேவையில்லை. உரிமையாளருக்கே லைசென்ஸ் இருந்தால் இன்னொரு பலன், உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு அவருக்குக் கிடைக்கும். லைசென்ஸ் இல்லாதவருக்கு அது இல்லை. ஆகவே ஓட்டிப் பார்க்கும்போது பெண்களும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். புடவை கட்டிக்கொண்டு ஏற முடிகிறதா, கிளட்ச் கால் எட்டுகிறதா, பின்னால் வருவது கண்ணாடியில் தெரிகிறதா என்று.

மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டியதில்லை. பெரிய பிக்கப் சில அந்தக் கோட்டைத் தாண்டிவிடும், கேட்டுக்கொள்ளுங்கள். எஃப்.சி. முதல் 8 வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அப்புறம் வருடா வருடம்.

கார் வாங்க நினைக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. சொந்தக் கார் வெள்ளை போர்டு, அதை வாடகைக்கு விட்டால் விபத்தின்போது இன்சூரன்ஸ் கை விரித்துவிடும். வாடகைக்கு என்றால் மஞ்சள் போர்டாகவே வாங்குங்கள். 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு ஆயுள் வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, அதைத் தாண்டினால் 18, 20 லட்சத்துக்கு மேல் 20. ஆகவே 10 லட்சத்தை ஒட்டிய விலையில் "இன்னும் கொஞ்சம் போட்டு மேல் மாடல்" என்று ஆசை காட்டினால் வரி எவ்வளவு ஏறும் என்று முதலில் கேளுங்கள். பெரிய கார் என்றாலே பத்திரம் என்று நினைக்க வேண்டாம். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்று மோதல் சோதனை நடத்தி கார்களுக்கு நட்சத்திர மதிப்பெண் கொடுக்கிறார்கள். எத்தனை நட்சத்திரம் என்று கேட்டு வாங்குங்கள். லோடு வண்டிக்கு அந்த மதிப்பெண் கிடையாது, அங்கே நமக்குப் பாதுகாப்பு நிதானமான வேகமும் சரியான பாரமும்தான்.

வண்டி எடுக்கும் நாளில் மாலையும் எலுமிச்சம் பழமும் மட்டும் எடுத்துப் போகாதீர்கள். கொட்டேஷனையும் எடுத்துப் போங்கள். பேப்பரில் உள்ள சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதும் ஒன்றா, தயாரித்த மாதம் வருடம் என்ன, ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து. டிசம்பரில் கொடுக்கும் தள்ளுபடி நல்லதுதான், ஆனால் ஜனவரியில் அது போன வருடத்து வண்டி ஆகிவிடும். விற்கும்போது அந்த ஒரு வருடம் விலையில் குறையும். பத்து வருடம் வைத்து ஓட்டப் போகிறவர்களுக்கு அது பெரிய நஷ்டமில்லை.

இப்போது வண்டிக் கடனுக்கு மனு போட்டிருக்கும் குழுக்கள், ஊக்குநரும் பிரதிநிதியும், அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு இரண்டு கொட்டேஷன், வாடகை எழுதிய நோட்டு, எந்த மாதம் என்ன சரக்கு என்று எழுதிய ஒரு தாள், இந்த மூன்றையும் கொண்டுவாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு குழுவுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். கால்குலேட்டர் உள்ளவர்கள் மறக்காமல் எடுத்து வரவும்.